அடியிலும் சிவந்த பழம்

அத்தியாயம் 7

காணாமல் போனவனின் மனைவி எங்களுக்கு ஆப்பிள் நறுக்கினாள்.

ஹிசாயேவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கணவன் யசுனோரி அக்டோபரில் ஒரு மதியம் வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. இப்போது நவம்பர் பாதி. அவனை அவள்தான் கொன்றாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. போலீஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தது. இந்தத் தடவை மாற்றுத் துணியோடு.

"மாத்துத் துணின்னா, உள்ள வெச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"வெச்சுக்கலாம்" என்றார் மிகாமி மேடம்.

மேடத்துக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் கூட்டம் இல்லாததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நான் என்பார். நான் ஃபுகுஷி. முன்பு ஹிரோசாகி நகரத்தில் டாக்ஸி ஓட்டினேன். இப்போது மேடத்துக்கு ஓட்டுகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே ஹிசாயேவின் தோட்டம். சுற்றிலும் எல்லாத் தோட்டங்களும் பறித்து முடிந்து பழமின்றி நின்றன. இது மட்டும் சிவப்பாக இருந்தது. வழக்கமாகக் கடைசியாக மிஞ்சும் தோட்டத்தில் பறிக்க ஊரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வரும். இந்த வருஷம் யாரும் வரவில்லை.

"தனியாவா பறிக்கறீங்க?" என்றேன்.

"பக்கத்துத் தோட்டத்து தமெகிச்சி அண்ணன் காலையில வருவாரு. பேச மாட்டாரு. பறிச்சு வெச்சுட்டுப் போவாரு. நாளைக்கு ராத்திரி உறைபனின்னு ரேடியோல சொல்றான். மரத்துலயே உறைஞ்சா பழம் போச்சு. ஜூஸுக்குத்தான்."

"முடிச்சுடுவீங்களா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அதுவே பதில்.

"கடைசி நாள் என்ன சண்டை?" என்றார் மேடம்.

"ஷீட்டு."

மேடம் மீன்பிடி ஊர்க்காரர். ஆப்பிளைக் கடையில்தான் பார்த்திருக்கிறார். ஹிசாயே விளக்கினாள்.

"வெள்ளி ஷீட்டுங்க. அறுவடைக்கு முன்னாடி மரத்துக்கு அடியில விரிப்போம். வெயில் அதுல பட்டுத் திரும்பி மேல அடிக்கும். பழத்தோட அடிப்பக்கமும் சிவக்கும். பழைய ஷீட்டே இருக்கு, இவரு புதுசா ஒரு ரோல் வாங்கிட்டு வந்து நிக்கறாரு. கத்தினேன். ரோலைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாரு. அவ்வளவுதான்."

"என்ன சொல்லிக் கத்தினீங்க?"

"செத்தாத்தான் உனக்குப் புத்தி வரும்னு."

நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன்.

"போலீஸ் அதை அப்படியே திருப்பிச் சொல்றாங்க. ஒரு வார்த்தை மாறல. யாரோ கேட்டுட்டுப் போய்ச் சொல்லியிருக்காங்க. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

"ரோல் கிடைச்சுதா?"

"ரோலும் இல்ல, ஆளும் இல்ல."

"வீட்டை விட்டு ஓடறவன் ஷீட்டைத் தூக்கிட்டு ஓட மாட்டான்" என்றார் மேடம்.

"போற இடத்துல சிவக்கலாம்னு நெனச்சிருப்பாரு" என்றேன்.

ஹிசாயே என்னைப் பார்த்தாள். நான் அடுத்த துண்டை எடுத்தேன். கடித்தேன். நிறுத்தினேன்.

"இது வேற பழம்."

"அதுவா? தமெகிச்சி அண்ணன் குடுத்தது. நேத்து ஒரு கூடை கொண்டு வந்தாரு."

"மேடம், இதைச் சாப்பிட்டுப் பாருங்க. நான் இந்த மண்ணுல பொறந்து வளந்தவன். இப்படி ஒரு இனிப்பு பாத்ததில்ல."

மேடம் சாப்பிடவில்லை. கூடையிலிருந்து ஒரு முழுப் பழத்தை எடுத்தார். ஹிசாயேவின் பழம் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் தலைகீழாக மேஜையில் வைத்தார். ஹிசாயேவின் பழத்துக்கு அடியில் மஞ்சள் பாய்ந்திருந்தது. மற்றது அடிக்குழி வரைக்கும் ரத்தச் சிவப்பு.

"ஏன் இப்படி?"

"ஷீட்டு நல்லா பளபளன்னு இருந்தா அப்படி வரும்."

"தமெகிச்சியோட ஷீட்டு பளபளன்னு இருக்குமா?"

ஹிசாயே சிரித்தாள். நாங்கள் வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "அண்ணனோடதா? அந்தக் காலத்து ஷீட்டு. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, இப்ப ஒட்டுதான் மிச்சம். அதுல முகம் பாத்தா நம்ம முகமே..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் கேக்கறீங்க?"

"இன்னும் எதையும் கேக்கல" என்றார் மேடம். பழத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

கூட்டுறவுச் சங்கத்தின் மண்டபத்தில் பழப் போட்டி முடிந்து தட்டுகள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. தட்டுக்கு ஐந்து பழம். முதல் பரிசுத் தட்டில் தங்கநிறக் காகிதம் ஒட்டியிருந்தது. தமெகிச்சியின் பெயர்.

"கிழவனுக்கு இதுதான் முதல் தடவை" என்றார் சங்கத்து ஆள். கழுத்தில் துண்டு, கையில் தேநீர். "வருஷா வருஷம் வைப்பாரு. வருஷா வருஷம் தட்டைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவாரு."

மேடம் ஒரு பழத்தின் மேல் கை வைத்தார்.

"தொடக் கூடாதும்மா. நடுவருங்க மட்டும்தான்."

"அண்ணே, கழிப்பறை எந்தப் பக்கம்?" என்றேன்.

"அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"அதோ, அந்தப் பக்கம்யா."

"அங்க பெண்கள் படம்ல போட்டிருக்கு."

அவர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்தபோது மேடம் கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தார். ஐந்து பழமும் அடி மேலாக இருந்தன. ஐந்தும் சிவப்பு. பக்கத்துத் தட்டுகளிலும் ஒவ்வொன்று புரண்டிருந்தது. அவையெல்லாம் மஞ்சள்.

"ஏம்மா!"

"மன்னிச்சுக்கங்க" என்றார் மேடம். "இவர் தோட்டம் முழுக்க இப்படித்தானா?"

அவர் பழங்களைத் திருப்பி வைத்துக்கொண்டே முணுமுணுத்தார். கோபத்தைவிடப் பெருமை அதிகம் இருந்தது. "முழுக்கவா? மத்த மரமெல்லாம் எப்பவும் போலத்தான். ஒரே ஒரு மரம் இப்படி வந்திருக்கு. சக்கரை அளவைப் பாத்துட்டு மீட்டர் கெட்டுப்போச்சோன்னு இன்னொரு மீட்டரும் வெச்சுப் பாத்தோம்."

"ஒரு மரம் மட்டும் ஏன் இனிக்குது?"

"வேருல அடி பட்டிருக்கும். வேர் அறுந்தா மரம் பயந்துடும். செத்துடுவோம்னு இருக்கிற சக்கரையெல்லாம் பழத்துல ஏத்திடும். எலி கடிச்சிருக்கும். இங்க எலித் தொல்லைம்மா. ரெண்டு வருஷத்துல அந்த மரம் போயிடும் பாருங்க."

"அடி சிவந்ததும் எலியாலயா?"

"அது ஷீட்டு" என்றார் அவர். "அது ஷீட்டாலதான் வரும்." சொல்லிவிட்டு தங்கக் காகிதத்தைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் யோசிக்க விரும்பவில்லை என்று முகம் சொன்னது.

காரில் மேடம் பையிலிருந்த பழத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"எலி ஷீட்டு வாங்குமா ஃபுகுஷி?"

"எங்க ஊர் எலிக்கு அவ்வளவு வசதி கிடையாது மேடம்."

"போலீஸ் எல்லாத் தோட்டத்தையும் தேடினாங்களே."

"தேடினாங்க. ஓரமா நடந்து தேடினாங்க. ஷீட்டு விரிச்சாச்சு இல்ல? மிதிக்காதே மிதிக்காதேன்னு ஊரே கத்துச்சாம். மண்ணு பட்டா வெளிச்சம் போயிடும். எங்க ஊர்ல அடுத்தவன் ஷீட்டை மிதிக்கறது அவன் சோத்துத் தட்டை மிதிக்கற மாதிரி."

"அறுவடை வரைக்கும்?"

"அறுவடை வரைக்கும்."

"அதுவரைக்கும் கீழ என்ன இருந்தாலும் யாரும் பாக்க மாட்டாங்க."

நான் வண்டியைத் தமெகிச்சியின் தோட்டத்துக்குத் திருப்பினேன்.

*

தமெகிச்சி ஒரு மரத்தின் அடியில் குந்தி, தண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தார். பனிக்கு அடியில் எலி வந்து பட்டையைக் கடிக்காமல் இருக்க. குள்ளமான மனிதர். எழுபதை நெருங்கியவர். இவாகி மலை மேகத்துக்குள் போயிருந்தது.

"முதல் பரிசுக்கு வாழ்த்துகள்" என்றார் மேடம்.

"சும்மா. அதிர்ஷ்டம்."

"எந்த மரம்னு பாக்கலாமா?"

அவர் தலை நிமிராமல் பாதை ஓரத்து மரத்தைக் காட்டினார். "அது."

கீழே உதிர்ந்த பழங்கள் கிடந்தன. காகம் கொத்தியவை. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அடி மஞ்சள். அடுத்த மரம். மஞ்சள். அதற்கடுத்தது. மஞ்சள்.

"உங்க ஆள் என்ன பண்றாரு?"

"அவருக்குப் பசி" என்றார் மேடம். "எப்பவும் பசி."

நான் மரம் மரமாகப் போனேன். மேற்கு ஓரம் வரைக்கும் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஹிசாயேவின் தோட்டம் தெரிந்தது. ஏணி உச்சியில் அவள் சிவப்புத் தொப்பி தெரிந்தது. ஓர மரத்தில் ஒரு பக்கம் மட்டும் இலை இல்லை. மற்ற மரங்கள் எல்லாம் பழுத்த இலையோடு நின்றன. இதில் பாதி முன்பே உதிர்ந்திருந்தது. எல்லாத் தண்டிலும் எலி வலை. இதில் இல்லை.

கீழே ஒரே ஒரு பழம் கிடந்தது. புரட்டினேன். சிவப்பு. பழக்கத்தில் கடித்துவிட்டேன். அதே இனிப்பு. அப்புறம்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். புல் வேறு நிறமாக இருந்தது, தோண்டி மூடிய மண்ணில் புதிதாக முளைத்தது போல. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை.

"மேடம்" என்றேன். அவர்களிடம் திரும்பி வந்து பழத்தின் சிவந்த அடியையும் அந்த ஓர மரத்தையும் காட்டினேன்.

தமெகிச்சி கம்பியை முறுக்குவதை நிறுத்தியிருந்தார்.

மேடம் கொட்டகையைக் காட்டினார். கதவு திறந்திருந்தது. சுவரோரம் பழைய ஷீட் சுருள்கள் அடுக்கியிருந்தன. சாம்பல் நிறம். ஒட்டு மேல் ஒட்டு.

"இதுல எது அந்த மரத்துக்குக் கீழ கிடந்துச்சு?"

தமெகிச்சி வலையின் ஓரத்தை மடித்துவிட்டார்.

"எல்லா மரத்துக்கும் வலை கட்டறீங்க. அதுக்குக் கட்டலையே."

"அங்க போறதில்ல."

"பழம் பறிக்கப் போனீங்க."

"பழத்தை எப்படி விடறது?" என்றார் தமெகிச்சி. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

மேடம் அவர் பக்கத்தில் குந்தினார். மேடம் குந்தி நான் பார்த்ததில்லை.

"சொல்லுங்க."

"பாதி உனக்குன்னு சொன்னான்." தமெகிச்சி கையிலிருந்த கம்பியைப் பார்த்தே பேசினார். "உன் ஷீட்டைப் பாத்தா பாவமா இருக்கு அண்ணே, இந்த ரோல்ல பாதி நீ எடுத்துக்கன்னு சொன்னான். நான் வேணாம்னேன். அவன் கேக்கல. அவனே அந்த மரத்துக்குக் கீழ விரிக்க ஆரம்பிச்சுட்டான். நான் டிராக்டரை எடுத்து ஓரமா விடலாம்னு பின்னால எடுத்தேன். அவன் குனிஞ்சிட்டு இருந்தான். எனக்குத் தெரியல."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"எல்லா மரத்துக்கும் ஷீட்டு விரிச்சாச்சு. ஆம்புலன்ஸ் வந்தா உள்ள வரைக்கும் வரும். அப்புறம் போலீஸ் வரும். கயிறு கட்டிடுவாங்க. உள்ள விட மாட்டாங்க. பழம் நெறம் ஏறுற நேரம்."

நான் கையிலிருந்த பழத்தைத் தரையில் வைத்தேன்.

"உயிர் இருந்துச்சா?" என்று கேட்டார் மேடம்.

தமெகிச்சி கம்பியின் முனையை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"அறுவடை முடிஞ்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றார்.

"அறுவடை முடிஞ்சுடுச்சே."

"ஹிசாயேவோடது முடியலையே."

வேலிக்கு அந்தப் பக்கம் கூடையில் பழம் விழும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக.

"செத்தாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்றார் மேடம். "அந்தச் சத்தம் உங்க வேலி வரைக்கும்தான் கேட்டிருக்கும். அதைப் போலீஸ்ல சொன்னது நீங்க."

"அவ சொன்னது நெசம். நான் பொய் ஒண்ணும் சொல்லல. என்ன கேட்டுச்சுன்னு கேட்டாங்க. கேட்டதைச் சொன்னேன்."

"அவங்க ஜெயிலுக்குப் போகப் போறாங்க."

"போக மாட்டா. அதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

"தினமும் காலையில போய் அவங்க பக்கத்துல நின்னு பறிச்சீங்க. எப்படி முடிஞ்சுது?"

அவர் யோசித்தார். சரியான பதில் சொல்ல விரும்பும் மனிதரைப் போல யோசித்தார்.

"பழம் மரத்துல நிக்குது. பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

மேடம் எழுந்தார். முழங்காலில் மண். தட்டவில்லை.

"அந்தப் பழத்தை ஹிசாயேவுக்குக் குடுக்காம, போட்டிக்கும் வெக்காம இருந்திருந்தா எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. எங்கயாவது கொட்டியிருக்கலாம். ஏன் வெச்சீங்க?"

தமெகிச்சி முதல் தடவையாக நிமிர்ந்து மேற்கு ஓரத்தைப் பார்த்தார்.

"அப்படி ஒரு பழம் என் கையில வந்ததே இல்ல" என்றார்.

*

சாயங்காலம் தோண்டினார்கள். ஹிசாயே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மேடம்தான் போய்ச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஹிசாயே கூடையைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. தமெகிச்சியைக் கொண்டு போகும்போது அவர் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அவர் கண் அவள் தலைக்கு மேல் இருந்த கிளைக்குப் போனது.

மறுநாள் காலை ஹிரோசாகி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போக வந்தோம். உடலை அடையாளம் காட்ட வேண்டும்.

தோட்ட வாசலில் ஊர் நின்றது. ஏணிகள், கூடைகள், கையுறைகள். சங்கத்து ஆளும் இருந்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. முன்னால் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

"ஹிசாயே, நீ போயிட்டு வாம்மா. நாங்க பாத்துக்கறோம். ஆளுக்கு ஒரு மரம்னு எடுத்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்."

அவள் கறுப்பு உடை உடுத்தியிருந்தாள். முடியை வாரியிருந்தாள்.

"வேணாம்" என்றாள்.

"கோவம் இருக்கும். தெரியும்" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. "ஆனா ராத்திரி உறையும்டி. வானத்தைப் பாரு."

"உறையட்டும்."

"ஒரு வருஷத்துச் சோறு ஹிசாயே. நீயும் நானும் ஒண்ணாத்தானே குளிருல நின்னு பிஞ்சு கிள்ளினோம். பழம் என்ன பாவம் பண்ணுச்சு?"

ஹிசாயே அவளைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என் புருஷனைப் பாக்கப் போறேன்" என்றாள் ஹிசாயே. "இன்னிக்கு அது ஒண்ணுதான் வேலை. நான் வர்ற வரைக்கும் ஒரு பழத்தையும் யாரும் தொடக் கூடாது."

"அம்மா, நீங்க வர்றதுக்குள்ள..." என்று ஆரம்பித்தார் சங்கத்து ஆள்.

"தெரியும்" என்றாள். காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் வண்டியை எடு என்று தலையசைத்தார். வண்டியை எடுத்தேன்.

திரும்பும் இடத்தில் கண்ணாடியில் பார்த்தேன். ஏணிகளோடு அப்படியே நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. ஒருவரும் வீட்டுக்கும் போகவில்லை.

அன்று இரவு உறைந்தது.